விடுமுறை நாளின் ஊழியர்கள்

2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. டித்வா புயல் இலங்கை மீது மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைய நாளை அரச அலுவலகங்களுக்கு விசேட விடுமுறையாக அரசாங்கம் அறிவித்தது. அத்தியாவசிய சேவைகளில் இருப்பவர்களுக்கு அந்த விடுமுறை கிடையாது. வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளம், அந்த நாட்களில் தீவிலேயே மிகக் கூடுதலாக மழை பெற்ற இடங்களுள் ஒன்று. குளங்கள் வான் பாய்ந்தன. வயல் எது, வீதி எது, வளவு எது என்று தெரியாதபடி வெள்ளம் நின்றது. கந்தோர் பூட்டு என்று அறிவித்த அந்த நாளில்தான் கிராம அலுவலருக்கும் பிரதேச சபைத் தொழிலாளிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அந்த வருடத்தின் மிகப் பாரமான வேலை தொடங்கியது.

வெள்ளம் வந்து நாலு கிழமையில் நத்தார். ஏழு கிழமையில் தைப்பொங்கல். நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட அனர்த்தத்துக்குப் பிறகு வந்த பண்டிகைகள் என்பதால் பல ஊர்களில் கொண்டாட்டம் அடங்கியே இருந்தது. ஆனால் உள்ளூர் ஊழியரின் வேலை அடங்கவில்லை. சேற்றை அள்ள வேண்டும், கிணறு இறைத்துக் குளோரின் போட வேண்டும், வீடு துப்புரவாக்க அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபாய்க்கு யார் யார் உரித்துடையவர் என்று வீடு வீடாகப் பார்த்துப் பட்டியல் எழுத வேண்டும். பட்டியலில் பேர் வந்தவர் அதைத் தன் உரிமை என்று நினைப்பார், அதில் பிழையில்லை. பேர் வராதவர் கிராம அலுவலரைத் திட்டுவார். அனர்த்த காலத்தில் உள்ளூர் ஊழியருக்கு நன்றியை விட ஏச்சு கூடுதலாகக் கிடைப்பது இப்படித்தான்.

ஓர் ஊர் தன் ஊழியருக்கு எப்படி நன்றி சொல்கிறது, எந்த நாளில் சொல்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பவை சிறிய கேள்விகள் போலத் தெரியலாம். செட்டிகுளத்தில் நின்று பார்த்தால் அவை சிறியவை அல்ல.

வவுனியா மாவட்டத்தில் 4 பிரதேச செயலகப் பிரிவுகளும் 102 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. அந்த 102இல் 20, செட்டிகுளம் அடங்கிய வெங்கலச்செட்டிகுளம் பிரிவுக்குரியவை. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ஏ-14 வீதியும் ரயில் பாதையும் இந்த ஊரை ஊடறுத்துச் செல்கின்றன. பிரதேச செயலகம் மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தது; கிராம அலுவலர், சமுர்த்தி உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர் எல்லாரும் அதன் கீழ் வருவார்கள். பிரதேச சபை வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான அது, மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யும் சபை. ஊர் வீதி, தெருவிளக்கு, வடிகால், சந்தை, நூலகம், மயானம், குப்பை எல்லாம் அதன் பொறுப்பு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குரியவர்கள். சட்டப் புத்தகத்தில் இவை மூன்று தனித்தனி நிர்வாகங்கள். சனத்துக்கு எல்லாம் ஒரே கந்தோர்தான். தெருவிளக்கு எரியாவிட்டாலும் கிராம அலுவலரைத்தான் கேட்பார்கள். அவரை இன்றைக்கும் விதானையார் என்று கூப்பிடும் வயதானவர்கள் வன்னியில் இருக்கிறார்கள்.

அந்த விதானையார் பதவி 1963 மே 1ஆம் திகதியோடு ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஊர்த் தலைமைக்காரர் பதவி பெரும்பாலும் குடும்பச் செல்வாக்கோடு வந்தது. பிறகு வந்த, இன்று கிராம அலுவலர் எனப்படும் கிராம சேவகர் பரீட்சை எழுதி நியமனம் பெற்ற அரச உத்தியோகத்தர். இந்த மாற்றத்தோடு பண்டிகை நாட்களின் வழக்கமும் மெல்லத் திசை மாறியது. பழைய காலத்தில் வருடப்பிறப்புக்கு வெற்றிலையும் வாழைக்குலையும் சுமந்துகொண்டு குடிமக்கள் அதிகாரியின் வாசலுக்குப் போனார்கள். அதை மரியாதை என்றார்கள். ஆனால் வெறுங்கையோடு போனவனின் காணி உறுதி விசயம் எந்த வேகத்தில் நடந்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேலே இருப்பவருக்குப் போன அந்தக் காணிக்கையை நன்றி என்று கணக்கெடுக்க முடியாது.

கீழே இருப்பவருக்கு வந்தது இன்னொரு வகை. சித்திரை வருடப்பிறப்பன்று பெரியவர் கையால் வாங்கும் கைவிசேடம் வீட்டுக்குள் மட்டும் நிற்பதில்லை; கடை முதலாளி தன் வேலையாளுக்கும் வீட்டுக்காரர் தனக்கு உதவி செய்பவருக்கும் கொடுப்பார். தமிழ்நாட்டு நகரங்களில் தீபாவளி இனாம் என்று ஒன்று உண்டு. பண்டிகைக்கு முந்திய நாட்களில் தபால்காரர், தெரு கூட்டுபவர், குப்பை எடுப்பவர் எனப் பலர் வாசலுக்கு வந்து கேட்டு வாங்கிப்போவார்கள். இங்கிலாந்தில் நத்தாருக்கு மறுநாள் தொழிலாளருக்கும் வேலையாளருக்கும் பெட்டியில் காசு போட்டுக் கொடுக்கும் பழக்கம் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. டிசம்பர் 26ஆம் திகதி அங்கு 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால் வங்கி விடுமுறையாகவும் ஆகிவிட்டது.

இந்த இனாமை ஒரேயடியாகப் பழிப்பது சரியல்ல. வருடம் முழுவதும் தன் வாசலைக் கடந்துபோன முகத்தை ஒரு நாளாவது ஒரு வீட்டுக்காரர் நேரே பார்க்கிறார், பலகாரமும் கொடுக்கிறார். ஆனால் அதில் ஓர் அநியாயமும் ஒட்டியிருக்கிறது. உழைத்த சம்பளத்துக்கு மேலே கிடைக்கும் மரியாதையை உழைத்தவரே கதவைத் தட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. கொடுப்பவர் மனம் போல் தொகை. ஊர் என்ற பொது அமைப்பு அங்கே எங்கும் இல்லை.

செட்டிகுளத்தின் பண்டிகை நாட்காட்டி நீளமானது. இந்தப் பிரிவில் சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், பௌத்தர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். சூடுவெந்தபுலவு, நேரியகுளம், ஆண்டியாபுளியங்குளம் போன்ற முஸ்லிம் கிராமங்கள் இங்கு உண்டு. பக்கத்து மன்னார் மாவட்டத்தின் மடு மாதா திருவிழாவுக்கு ஓகஸ்ட் 15ஆம் திகதியை ஒட்டி இலட்சக்கணக்கான யாத்திரிகர் போகும்போது அவர்களில் பெரும்பகுதியினர் இந்த ஏ-14 வீதியாலும் மடு வீதி ரயில் நிலையம் வழியாகவும்தான் போகிறார்கள். தண்ணீர், மலசலகூடம், மருத்துவம், போக்குவரத்து, குப்பை என எல்லாவற்றுக்கும் திருவிழாவுக்கு முன்கூட்டியே மாவட்டச் செயலகத்தில் கூட்டம் போட்டுத் திணைக்களங்களுக்கு வேலை பிரிப்பார்கள். யாத்திரிகருக்கு அது நேர்த்திக்கடன் தீர்க்கும் நாள்; தண்ணீர் பவுசர் ஓட்டுநருக்கு விடியற்காலை மூன்று மணி வேலை.

பல இனத்தவர் சேர்ந்து வேலை செய்யும் அலுவலகங்களில் அழகான ஒரு நடைமுறையும் உண்டு. பொங்கலன்று முஸ்லிம் ஊழியர் கடமைக்கு நிற்பார், ஹஜ் பெருநாளன்று தமிழர் நிற்பார், வெசாக்குக்கு வேறொருவர். வைத்தியசாலையிலும் ரயில் நிலையத்திலும் சபைகளிலும் இலங்கையின் பல இடங்களில் இப்படி நடக்கிறது. யாரும் சுற்றறிக்கை போட்டு உண்டாக்கியதல்ல. வன்னியில் இன உறவு பற்றி எத்தனையோ மாநாடுகள் நடந்திருக்கின்றன. கடமைப் பட்டியலில் பேனாவால் மாற்றி எழுதப்பட்ட இந்தப் பெயர்கள் அந்த மாநாடுகளின் தீர்மானங்களை விடப் பெறுமதியானவை என்றே சொல்ல வேண்டும்.

அலுவலகத்துக்குள் நடக்கும் விழாக்களில் வடக்கிலும் கிழக்கிலும் முதலிடம் வாணி விழாவுக்கு. நவராத்திரி காலத்தில் பிரதேச செயலகம், சபை, பணிமனை எங்கும் கும்பம் வைப்பார்கள். ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு கிளை பொறுப்பெடுக்கும். கணக்குக் கிளையின் நாளில் அவல், கடலை, பொங்கல் எல்லாம் கணக்குக் கிளையின் செலவு. மறுநாள் காணிக் கிளை. காலை முழுதும் கோப்புகளுக்குள் தலையைப் புதைத்திருந்தவர் பிற்பகலில் தேவாரம் பாடுவார். மேசைப் பதிவேடும் இறப்பர் முத்திரையும் கலைமகள் படத்துக்கு முன்னால் ஒரு பகல் இருக்கும். சாரதி வாகனத்தைக் கழுவிச் சந்தனம் வைத்துச் சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். கார்த்திகை முடிந்து டிசம்பர் வந்தால் ஒளி விழா: மாட்டுத்தொழுவம், கரோல், நத்தார் தாத்தா, சிறுபிள்ளைகளுக்குப் பரிசு.

இந்த விழாக்களை உற்றுப் பார்த்தால் ஒரு விசயம் தெரியும். குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு வைக்கப்படும். அதன் பெட்டியில் நின்று வேலை செய்யும் தொழிலாளி பெரும்பாலும் மண்டபத்தின் கடைசி வரிசையில் நிற்பார், அல்லது கதிரை அடுக்குவார். விழா முடிந்து வாழையிலையும் காகிதக் கோப்பையும் குவிந்தால் அதை அள்ளுவதும் அவர்தான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பதவி வரிசையில் மாலை போட்டுப் பழகிய கைகளுக்கு வரிசையின் கடைசிக்குப் போக நேரம் கிடைப்பதில்லை.

ஜனவரி 1ஆம் திகதி இன்னொரு சடங்கு. இலங்கையில் அது பொது விடுமுறை அல்ல, வேலை நாள். அன்று காலை நாடெங்கும் அரச அலுவலகங்களில் தேசியக் கொடியேற்றி, உயிர்நீத்தவர்களை நினைத்து மௌனமாக நின்று, அரச சேவை உறுதிமொழியை எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். ஊழியர் மக்களுக்கு வாக்குக் கொடுக்கும் நாள் அது. மக்கள் ஊழியருக்கு ஒன்றும் சொல்ல வேண்டும் என்று அந்த நிகழ்ச்சியில் இடம் வைக்கப்படவில்லை.

செட்டிகுளம் தன் ஊழியருக்குப் பட்ட கடனை அளக்க 2009ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

மல்வத்து ஓயாவை அண்டிய காட்டை வெட்டி 2008இன் பிற்பகுதியில் தொடங்கப்பட்ட மெனிக் பாம் முகாம், யுத்தம் முடிந்த 2009 மேயில் ஏறத்தாழ 225,000 பேரை அடைத்து வைத்திருந்தது. பரப்பு சுமார் 700 ஹெக்டேயர். மூன்று வருடம் கழித்து எடுக்கப்பட்ட 2012 குடிசன மதிப்பீட்டில் வவுனியா மாவட்டம் முழுவதன் சனத்தொகை ஏறத்தாழ 172,000 தான். அதாவது ஒரு மாவட்டத்தை விடப் பெரிய சனக்கூட்டம் ஒரு பிரதேச செயலகப் பிரிவின் காட்டுக்குள் கூடாரத்தில் இருந்தது. கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று வலயங்களுக்குத் தமிழ்ப் பெரியார்களின் பெயர் வைத்தார்கள், சுற்றி முள்ளுக்கம்பி.

அங்கே நிர்வாகம் என்று ஒன்றை ஓட்டியவர்கள் யார்? அப்போது வவுனியா அரசாங்க அதிபராக இருந்தவர் திருமதி பி.எஸ்.எம். சார்ள்ஸ், அவர் பெயர் ஆவணங்களில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் முகவரகங்களின் பெயரும் இருக்கிறது. ஆனால் குடும்ப அட்டை எழுதிய கிராம அலுவலர்களில் பலர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்து அதே சனத்தோடு இடம்பெயர்ந்து அதே கூடாரத்துக்குள் இருந்தவர்கள். தன் பிரிவு மக்களின் பெயர்களை நினைவிலிருந்து எழுதிய உத்தியோகத்தருக்குத் தன் சொந்தக் குடும்பத்தில் யார் மிச்சம் என்ற கேள்வியும் இருந்தது. ஆசிரியர்கள் மரத்தடியில் வகுப்பு எடுத்தார்கள். 2009 ஓகஸ்டில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை முகாமுக்குள்ளேயே நடந்தது. அதே மாதம் பெய்த மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்து மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தபோது அதற்குள் இறங்கிய கைகளும் ஊழியரின் கைகள்தான்.

டிசம்பர் 1ஆம் திகதி முதல் முகாமை விட்டு வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. 2010 தைப்பொங்கல் வந்தபோது பலர் மீள்குடியேற்றத்துக்குப் போயிருந்தார்கள்; பலர் இன்னும் கூடாரத்தில் இருந்தார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியேறி முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அந்தக் காலத்துக் கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர், துப்புரவுத் தொழிலாளி பலர் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஒரு பேரழிவின் நிர்வாகச் சுமையைச் சுமந்த அந்தக் கீழ்மட்ட ஊழியரின் பெயர்கள் ஒரு பட்டியலாகச் செட்டிகுளத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும். நினைவில் வைத்திருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

நன்றிக்கு ஒரு பணக் கணக்கும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் சி, டி பிரிவு அரசு ஊழியருக்குப் பொங்கலுக்கு 3,000 ரூபாய் வரை போனஸ் கொடுப்பது பல வருட வழக்கம். கேரளத்தில் ஓணத்துக்குப் போனஸும் பண்டிகைப் படியும் உண்டு. இலங்கை அரச ஊழியருக்குக் கிடைப்பது பண்டிகை முற்பணம். நீண்ட காலம் 10,000 ரூபாயாக இருந்த அது போனஸ் அல்ல, கடன். மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும். பொங்கலுக்கு எடுத்த காசு மாரி மழை தொடங்கும் வரை சம்பளச் சிட்டையில் கழிவாகத் தொடரும். அதைக்கூட எல்லாராலும் எடுக்க முடியாது என்பதுதான் உள்ளூராட்சியில் கவனிக்க வேண்டிய இடம்.

ஒரு பிரதேச சபையில் நிரந்தர ஊழியரும் இருப்பர். அமைய, பதிலீட்டு, ஒப்பந்த ஊழியரும் இருப்பர். அங்கீகரிக்கப்பட்ட நிரந்தர ஆளணியின் சம்பளத்துக்கு அரச கொடை வருகிறது. அமையத் தொழிலாளிக்குச் சபை தன் சொந்த வருமானத்திலிருந்து கொடுக்க வேண்டும். சந்தைக் குத்தகை, ஆதனவரி, வியாபார அனுமதிக் கட்டணம் என்று எண்ணி எடுக்கும் வருமானம் கொண்ட ஒரு கிராமப்புறச் சபைக்கு அது இலேசான காரியமல்ல. ஆகவே ஆள் தேவை, வேலை உண்டு, ஆனால் நியமனம் இல்லை என்ற நிலை வருடக்கணக்காக நீள்கிறது. 2014ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 180 நாள் சேவையைப் பூர்த்திசெய்த தற்காலிக ஊழியருக்கு நிரந்தர நியமனத்துக்கு வழி திறந்தது. பத்து வருடம் கழித்து, 2024இல், உள்ளூராட்சி நிறுவனங்களில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரை நிரந்தரமாக்கும் விடயம் மறுபடி அமைச்சரவைக்கு வந்தது. ஒரு சுற்றறிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையில் கையுறை தேய்ந்து, முதுகு வளைந்து, சேமலாப நிதி கணக்குக்கூடச் சரியாக இல்லாமல் வீட்டுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள்.

அந்த இடைவெளியில் சபைகளே இல்லாத காலமும் வந்தது. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தெரிவான சபைகளின் ஆயுள் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவில்லை. 2025 மே 6ஆம் திகதி வாக்களிப்பு நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேலாகத் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. செயலாளரும் ஊழியருமே சபைகளை நடத்தினார்கள். தெருவிளக்கு எரிந்தது, சந்தை கூட்டப்பட்டது, நூலகம் திறந்தது. உறுப்பினர் இல்லாமல் சபை ஓடும். ஊழியர் இல்லாமல் ஒரு கிழமை கூட ஓடாது என்பதை அந்த இரண்டு வருடம் காட்டிவிட்டது. யுத்த காலத்தில் வடக்கின் பல சபைகள் இப்படித்தான் நெடுங்காலம் இருந்தன என்பதால் வன்னிக்கு அது புதிய காட்சியும் அல்ல.

பாராட்டையும் உரிமையையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை சமீபத்திய உதாரணம். 2025 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் அதன் தலைமையகமான ரிப்பன் கட்டடத்தின் முன் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை அவர்கள் எதிர்த்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 13ஆம் திகதி நள்ளிரவில் பொலிஸார் அவர்களைக் கைதுசெய்து அகற்றினார்கள். மறுநாள், சுதந்திர தினத்துக்கு முந்திய நாள், காலை உணவு, காப்பீடு முதலான நலத்திட்டங்களைத் தமிழ்நாடு அமைச்சரவை அறிவித்தது. அந்தத் திட்டங்கள் பயனற்றவை என்று எவரும் சொல்ல முடியாது. விடியுமுன் வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சூடான காலை உணவு பெரிய விசயம். ஆனால் அவர்கள் நடைபாதையில் பதின்மூன்று நாள் கேட்டது தங்கள் வேலை யாரிடம் இருக்கும் என்பதை. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் கேளாத பரிசு வந்தால் அதை நன்றி என்று ஏற்க மனம் ஒப்பாது.

இலங்கையிலும் 2020இல் இப்படி ஒன்று நடந்தது. கொரோனா முதல் அலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடே கொண்டாடியது. அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டு ஊரடங்குக்குள் வந்தது. 5,000 ரூபாய் கொடுப்பனவைக் கிராம அலுவலரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். ஜூலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கம் கொரோனாக் கடமைகளிலிருந்து விலகுவதாக அறிவித்தது. தாங்கள் செய்யும் வேலைக்குச் சட்ட அதிகாரம் தரும் வர்த்தமானி வெளியாகவில்லை என்பதே காரணம். கைதட்டல் இருந்தது, கடதாசி இல்லை.

இன்னும் தூரத்தில், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், 1968 பெப்ரவரி 1ஆம் திகதி மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை வண்டியின் அழுத்தும் இயந்திரத்துக்குள் நசுங்கி இறந்தார்கள். அதையடுத்து வேலைநிறுத்தம். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் திகதி அந்த நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிங்கின் பிறந்தநாள் 1986 முதல் தேசிய விடுமுறையாக அனுட்டிக்கப்படுகிறது. ஆனால் அந்த வேலைநிறுத்தத்தில் நின்ற தொழிலாளர்களுக்கு நகர ஓய்வூதியம் இல்லாமல் போனது. அவர்களில் எஞ்சியிருந்தவர்களுக்கு நகரம் 50,000 டொலர் வீதம் கொடுக்கத் தீர்மானித்தது 2017இல். பிறகு அதை 70,000 ஆக்கியது. விடுமுறை நாள் வந்து முப்பது வருடம் கழித்துத்தான் பணம் வந்தது. சிலர் எண்பது வயதைத் தாண்டியும் குப்பை வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள்.

விடுமுறையையும் ஊர்ச் சபையையும் சேர்த்துக் கட்டிய ஒரு நல்ல ஏற்பாடு பாக்கு நீரிணைக்கு அக்கரையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்டம் நெடுங்காலம் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாலு விடுமுறை நாட்களில் நடந்தது. வேலைக்குப் போகிறவரும் வரலாம் என்பதுதான் அதன் நியாயம். 2022இல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ஐயும் நவம்பர் 1ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள். நவம்பர் 1 அங்கே உள்ளாட்சிகள் தினம். அன்றைய கிராம சபையில் சிறப்பாக வேலை செய்த ஊழியரைக் கௌரவிப்பதும் நிகழ்ச்சி நிரலில் சேர்ந்தது. எல்லா ஊராட்சியிலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்வதற்கில்லை. சில இடங்களில் ஒரு துண்டும் ஒரு புகைப்படமுமாக முடிந்துவிடும். ஆனாலும் அதன் அமைப்பு சரியானது. இனாம் போல வாசலில் கேட்டு வாங்குவதும் இல்லை; வாணி விழா போல அலுவலகச் சுவருக்குள் அடங்குவதும் இல்லை. மாலை போட்ட அதே கூட்டத்தில் வரவு செலவும் வாசிக்கப்படுகிறது. போன வருடம் கையுறைக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று எழுந்து கேட்க அங்கே எவருக்கும் உரிமை இருக்கிறது.

இலங்கையும் அந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது. 2025 செப்டெம்பர் 15ஆம் திகதி முதல் ஒரு வாரம் ‘மறுமலர்ச்சி நகரம்’ என்ற தொனிப்பொருளில் உள்ளூராட்சி வாரம் நாடெங்கும் நடந்தது. சிரமதானமும் மரநடுகையும் நல்லவைதான். அந்த வாரம் சுத்தப்படுத்திய வீதியை மீதி ஐம்பத்தொரு வாரம் சுத்தப்படுத்துபவரை மேடைக்குக் கூப்பிட ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் அந்த வாரம் இன்னும் பொருளுள்ளதாகும்.

செட்டிகுளத்தில் செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. பிரதேச சபைகள் வருட முடிவுக்குள் அடுத்த வருடப் பாதீட்டை நிறைவேற்ற வேண்டும். பொங்கலுக்குச் சில கிழமைதான் அப்போது இருக்கும். அந்தப் பாதீட்டு அமர்வில் ஊழியருக்கென்று ஒரு தனித் தலைப்பு வரட்டும். பாதணி, கையுறை, மழையங்கி, ஏற்பு ஊசி, வருடத்துக்கொரு மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்கு எவ்வளவு, விடுமுறை நாள் கொடுப்பனவு யாருக்கு நிலுவையில் உள்ளது, 180 நாளுக்கு மேல் வேலை செய்தும் நியமனம் இல்லாதவர் எத்தனை பேர் என்பன சபையில் உரத்து வாசிக்கப்பட்டு அறிக்கையில் பதியப்படட்டும். பொங்கலை ஒட்டி ஒரு நாள் ஊரைக் கூட்டி, நிரந்தரம், அமையம் என்று பாராமல் எல்லாருடைய பெயரையும் வாசிக்கட்டும். பிரதேச செயலகமும் சுகாதாரப் பணிமனையும் அதில் சேரலாம்; சனத்துக்கு எல்லாம் ஒரே கந்தோர்தானே. 2009இல் முகாமில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களை முன்வரிசையில் இருத்தலாம்.

வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பொங்கல், நத்தார், பெருநாள் எதுவானாலும் கொண்டாட்டம் முடிந்து குப்பையை வாசலில் வைக்கும்போது உடைந்த போத்தலையும் பிளேட்டையும் கடதாசியில் சுற்றித் தனியே வையுங்கள். உக்குவதையும் உக்காததையும் பிரித்து வையுங்கள். ஆதனவரியை நேரத்துக்குக் கட்டுங்கள், ஏனென்றால் அமையத் தொழிலாளியின் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது. பிறகு உங்கள் வட்டார உறுப்பினரைச் சந்திக்கும்போது வீதியைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் கேட்பதோடு, அந்த வீதியில் வேலை செய்பவருக்கு நியமனக் கடிதம் எப்போது கிடைக்கும் என்றும் கேளுங்கள்.